பச்சை லைன்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மொட்டைமாடியில் வேலை தொடங்கப்போகிறது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நடப்பதை எழுதி வைத்தால் பின்னால் உதவும் என்று இந்த டைரியை எடுத்தேன். பள்ளியில் பாடக்குறிப்பு எழுதிய கை, சும்மா இருக்காது.

காலையில் பொதுக்குழு. கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டோம். எங்கள் மடிப்பாக்கத்தில் நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும். தெருவில் தண்ணீர் நின்றால் பாதுகாப்புக்காக மின்வாரியமே நிறுத்திவைக்கும், அது நியாயம்தான். பக்கத்து அடுக்ககத்தில் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் போன மழைக்கு டீசல் கொண்டுவர வண்டி உள்ளே வர முடியவில்லை. ஆகவே நாங்கள் சூரியத் தகடுகள் போடுகிறோம், கூடவே பேட்டரி. பேட்டரியைக் கீழே வைத்தால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுதான், படிக்கட்டு முடிகிற மாடி அறையில்தான் வைக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

"பெரிய பேட்டரியா வாங்கினா ஏசியும் ஓடுமே டீச்சர்" என்றார் ஒருவர். விளக்கிச் சொல்வது என்றால் எனக்கு அலுக்காது. ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். திரும்பும்போது பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. கையில் இருந்தது ஒரு தூக்குத் தயிர்சாதம். ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். யாருக்கும் வயிறு நிறையவில்லை, யாரும் பட்டினியும் இல்லை. "பேட்டரி அந்தத் தூக்கு மாதிரி. வீட்டுக்கு ரெண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக் பாயின்ட். எல்லாருக்கும் கொஞ்சம், கடைசி வரைக்கும்" என்றேன்.

தலைவர் தாமோதரன் சார் கைதட்டினார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கைதட்டுவது அபூர்வம்.

வீட்டுக்கு வந்ததும் இவர், என் வீட்டுக்காரர், கேட்டார்: "தூக்கு சரி பிரபா. கரண்டி யார் கையில இருந்துது?"

"என் கையிலதான். வேற யாரு பரிமாறுவா?"

"அதான் கேட்டேன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். ரயில்வே ஸ்டோரில் வேலை பார்த்த மனிதர். எதையும் ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தோம்: லைன் வேண்டுமா, வீட்டில் மருத்துவக் கருவி ஏதாவது உண்டா. இன்றோடு எல்லாப் பதிலும் வந்துவிட்டது. முதல் மாடி பி வீட்டின் உரிமையாளர் சிட்டிபாபு டல்லாஸில் இருக்கிறார். குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "டீச்சர், அது வாடகைக்கு விட்ட வீடு. அதுக்கெல்லாம் இப்ப வேண்டாம். மெடிக்கல் எதுவும் இல்ல." ஆக அந்த ஒரு வீடு தவிர மற்றவை அனைத்துக்கும் லைன் உண்டு.

மற்ற சங்கங்களில் இவ்வளவு முறையாகக் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

நெல்லிக்காய் ஊறுகாய் போட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

செப்டம்பர் 2, புதன்

எலக்ட்ரீஷியன் வயர் இழுக்கிறார். அடையாளத்துக்காக இந்த லைனின் ஸ்விட்சுகள் எல்லாம் பச்சை நிறம். அதனால் வாட்ச்மேன் முதல் தாமோதரன் சார் வரை எல்லாருக்கும் இது பச்சை லைன் ஆகிவிட்டது.

மதியம் எலக்ட்ரீஷியன் வந்து, "டீச்சர், வீட்டுக்கு ஒண்ணுன்னு போர்டு வந்திருக்கு. பி வீடு வேணாம்னுட்டாங்க, ஒரு லைன் சும்மா நிக்குது. என்ன பண்ணட்டும்?" என்றார். தாமோதரன் சாருக்குப் போன் செய்தேன். "நீங்கதான் இவ்வளவு அலையறீங்க. உங்க வீட்டுக்கே போட்டுக்குங்க. இதுல என்ன இருக்கு" என்றார். எனக்குக் கண்ணழுத்தத்துக்கான சொட்டு மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஆகவே சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஸ்விட்ச். மருத்துவக் காரணம்தான்.

இவர் அந்த ஸ்விட்சை இரண்டு தடவை போட்டு அணைத்துப் பார்த்தார்.

செப்டம்பர் 11, வெள்ளி

காய்கறிப் பையோடு ஏறிவரும்போது படிக்கட்டில் பி வீட்டுப் பெண் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. அப்பாவோடு இருக்கிறாள். அவர் பெயர் சவரிமுத்து, தூத்துக்குடிப் பக்கம், பஸ் கண்டக்டராக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய் வெளியே வருவதில்லை.

"டீச்சர், ஒரு நிமிஷம் பேசலாமா? இந்தப் பச்சை லைன் எங்க வீட்டுக்கும் வருமா? அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது. கரண்ட் போனா சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு, அது ஒரு நாள் தாங்கினா பெரிசு."

"ஓனர் மூலமா எழுதிக் கேளும்மா. சங்கம்னா ஓனர்ஸ்தானே. நான் நேரா குடுத்தா முறையா இருக்காது."

"அவரு வாடகை லேட்டானா மட்டும்தான் போன எடுப்பாரு டீச்சர்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் பொறுமையாகச் சொன்னேன்: பள்ளியில் ஒரு பிள்ளைக்கு விடுமுறை வேண்டுமென்றால் பெற்றோர் கடிதம் கேட்போம், பிள்ளை பொய் சொல்கிறது என்பதற்காக அல்ல, ஒழுங்கு என்று ஒன்று வேண்டும் என்பதற்காக. கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "சரிங்க டீச்சர்" என்றாள். இறங்கப் போனவள் திரும்பி, "உங்க வீட்ல எல்லாம் மாட்டியாச்சா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

நல்ல பெண். சிட்டிபாபுவுக்கு நானே ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.

செப்டம்பர் 19, சனி

தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். முழங்கால் வலி. சிட்டிபாபுவுக்கு அனுப்ப மறந்துவிட்டேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

தொடக்க விழா. விளக்கு வைத்த பிறகு மெயின் ஸ்விட்சை இறக்கினோம். ஒரு கணம் இருட்டு. உடனே வீடு வீடாக விளக்கு எரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எல்லாரும் எதிர்ச்சாரிக்குப் போய்ப் போட்டோ எடுத்தோம்.

போட்டோவில் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம், முதல் மாடியில் ஒன்று மட்டும் கறுப்பு. தாமோதரன் சார் போனை விலக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "திருஷ்டிப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ரவா கேசரி நான்தான் கிளறினேன். பி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன்.

நவம்பர் 30, திங்கள்

புயல் சின்னம் கரையை நெருங்குகிறதாம். மெழுகுவத்தி வாங்கப் போன இவரைக் கிண்டல் செய்தேன்.

டிசம்பர் 1, செவ்வாய்

விடியற்காலையில் கரண்ட் போனது. பச்சை லைன் வந்தது. காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். குழுவில் எல்லாரும் நன்றி சொல்கிறார்கள். சாம்பாரும் அப்பளமும்.

வானம் முழுக்க மேகம், தகட்டில் ஒன்றும் ஏறவில்லை. நாளைக்கும் இப்படித்தான் என்கிறார்கள். லிஃப்டை நிறுத்தினோம். மோட்டார் ஒரு வேளை மட்டும். சிக்கனமாக இருந்தால் தாக்குப்பிடிக்கலாம்.

டிசம்பர் 2, புதன்

காலையில் ரெஜினா மேலே வந்தாள். தலை ஈரமாக இருந்தது. சிலிண்டர் தீரப்போகிறது, கடைக்காரர் தண்ணீரில் வர முடியாது என்கிறார், ஒரு பிளக் பாயின்ட் மட்டும் கொடுத்தால் போதும், தானே வயர் இழுத்துக்கொள்கிறேன் என்றாள். சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தாமோதரன் சாரோடு பேசினேன். அந்த மெஷின் இடைவிடாமல் இழுக்கும், எல்லாருக்குமான பேட்டரி இறங்கிவிடும். தவிர நம் லைனில் ஓடும்போது ஏதாவது ஆகிவிட்டால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் அவருக்கே நல்லது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் மனம் கேட்காமல் பரணில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் கிளம்பிவிட்டார்கள். பால் பாக்கெட் கொண்டுவந்த டிராக்டரில் பெரியவரை நாற்காலியோடு தூக்கி வைத்துக் கூட்டிப்போனார்களாம். வாட்ச்மேன் சொன்னார்.

ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான். கவலைப்பட ஒன்றுமில்லை.

டிசம்பர் 4, வெள்ளி

கரண்ட் வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே விளக்கு அணையாத கட்டடம் எங்களுடையது மட்டும்தான். தாமோதரன் சார் பேட்டரி அறைக்குப் போய்த் திரையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. "டீச்சரின் சிக்கனத்துக்கு ஜே" என்று ஒருவர் எழுதியிருந்தார். வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

டிசம்பர் 5, சனி

புதன்கிழமை எழுதியது சரியல்ல. மாணவர் விடைத்தாளாக இருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி பரணில் இல்லை. ஃப்ரிட்ஜின் மேலேயே இருந்தது. ரெஜினா வாசலில் நின்றபோதே அது என் கண்ணில் பட்டது. அவளை உட்காரச் சொல்லிச் செஞ்சி சுற்றுலாக் கதையைச் சொன்னேன். ஈரத் தலையோடு வந்தவளுக்குத் தயிர்சாதக் கதை. ஒருவருக்கு இரண்டு கரண்டி வைத்தால் கடைசிப் பிள்ளைக்கு இருக்காது என்றேன். "புரியுது டீச்சர்" என்றாள். வகுப்பில் பாடம் புரியாத பிள்ளைகள்தான் அப்படி உடனே சொல்லும். அல்லது நன்றாகப் புரிந்தவர்கள்.

அவள் போன பிறகு இவர் சொன்னார்: "ஃப்ரிட்ஜ நிறுத்திட்டு வயரக் கீழ விடு பிரபா."

"மருந்து கெட்டுப்போயிடும்."

"மருந்தா, அந்த ஊறுகாயா?"

அன்றைய சமையலை முடித்தேன். சாப்பிட்டோம். பாத்திரம் கழுவினேன். அதன் பிறகுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

டிசம்பர் 7, திங்கள்

ரெஜினா துணி எடுக்க வந்தாள். பெரியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாராம். டிராக்டரில் போகும்போதே நினைவு தப்பிவிட்டதாம்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"பாக்கலாம்னு சொல்றாங்க டீச்சர்." பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "நீங்க சாப்டீங்களா?" என்றாள்.

டிசம்பர் 10, வியாழன்

பெரியவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறாராம். செய்தி கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியா, தப்பித்துக்கொண்ட சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 13, ஞாயிறு

எனக்குப் பாராட்டு விழா. வேண்டாம் என்றுதான் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தால், ஒரு தடவைதான்.

உள்ளூர் வாரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தாமோதரன் சார் பொன்னாடை போர்த்தினார். அந்தச் சரிகை கழுத்தில் குத்தியது. "ஒரு வீடுகூட இருட்டில் இல்லை" என்று பேசினார். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. "அந்தத் தயிர்சாதக் கதையைச் சொல்லுங்க டீச்சர்" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். சொல்ல ஆரம்பித்தேன். "யாரும் பட்டினி இல்லை" என்கிற இடம் வந்ததும் அங்கேயே நிறுத்தி ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உணர்ச்சிவசப்பட்டேன் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் பார்த்தேன், ரெஜினா பையோடு படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழி. பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்று காத்திருந்தாளாம்.

பொன்னாடையை பீரோவில் வைத்துவிட்டேன். இவர் கேட்டார்: "போட்டோ எப்ப வரும்?" கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

டிசம்பர் 14, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கீரை ஆய்ந்தேன்.

டிசம்பர் 20, ஞாயிறு

பெரியவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இறங்கிப் போனேன். பழம் வாங்கிக்கொண்டேன், வெறுங்கையோடு போக முடியவில்லை.

கதவைத் திறந்ததும் அந்த மெஷின் சத்தம். சின்ன மோட்டார் ஒன்று மூச்சு விட்டு விட்டு ஓடுகிற மாதிரி. இத்தனை மாதமாக அந்த வாசலைத் தாண்டி ஏறி இறங்கியிருக்கிறேன். இந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.

சவரிமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார், மூக்கில் குழாய். "வாங்க டீச்சரம்மா, இரிங்க. நின்னுக்கிட்டே போறதுக்கு இது என்ன டவுன் பஸ்ஸா?" என்றார். உடம்பு பாதியாகியிருந்தது, குரல் அப்படியே இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"என்ன அப்படிப் பாக்கீய? ஒண்ணும் நெனைக்காதிய. நானும் பாத்திருக்கம்லா. வண்டி நெரம்பிட்டுன்னா ரெட்டை விசில் குடுத்துருவேன், ஸ்டாப்புல நிக்காம போயிரும். கீழ நிக்கவன் கையக் காட்டுவான். அவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது டீச்சரம்மா. பாத்துட்டா விசில் வாய்க்கு வராது." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ரெஜினா வந்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் சொன்னார்: "உள்ள எடம் இருக்கத்தான் செய்யும். நகந்து நின்னா இன்னும் நாலு பேரு ஏறலாம். அது வேற விசயம்."

நான் முப்பது வருடத்துக்கு மேல் உதாரணம் சொல்லிப் பிழைத்தவள். என்னிடம் யாரும் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. என் சங்கடத்தைப் போக்குவதற்காகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது ரெஜினாவிடம் சொன்னேன்: "எங்க சமையலறைல ஒரு பச்சை லைன் கூடுதலா இருக்கும்மா. நாளைக்கே எலக்ட்ரீஷியன வரச்சொல்லி உங்க வீட்டுக்கு மாத்திடறேன். யாரையும் கேக்க வேண்டாம்."

அவள் கதவைப் பிடித்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அது எங்க லைன்தானே டீச்சர்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வயர் இழுக்கும்போதே எலக்ட்ரீஷியன் சொன்னாரு. உங்க வீட்டு லைன் மேல டீச்சர் வீட்டுக்குப் போயிடுச்சுன்னு."

"அப்ப அன்னிக்கு படிக்கட்டுல..."

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். பழத்துக்கு நன்றி சொன்னாள். இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்களாம். பல்லாவரத்தில் அவள் சித்தி வீட்டுக் கீழ்ப் போர்ஷன். அங்கே பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் நடக்கிற தூரம்.

"உங்க வீட்ல எல்லாம் மாட்டியாச்சா" என்று செப்டம்பரில் கேட்டாள். நான் அதை மரியாதைக்குக் கேட்ட கேள்வி என்று நினைத்து "ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். இந்த டைரியில்கூட "நல்ல பெண்" என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 21, திங்கள்

எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி ஃப்ரிட்ஜ் லைனைக் கழற்றிவிட்டேன். அவர்கள் இருக்கப்போவது இன்னும் சில நாள்தான் என்றாலும் பி வீட்டுக்கு இழுத்துவிடச் சொன்னேன். கூடத்து விளக்கு, ஃபேன், பெரியவர் கட்டில் பக்கம் ஒரு பாயின்ட். ரெஜினா வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. வேலை முடிகிறவரை அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாமோதரன் சாருக்குத் தகவல் தெரிந்து கோபம். "ஓனர் கேக்காம எப்படிக் குடுத்தீங்க டீச்சர்? நீங்களே ரூல மீறினா?"

"என் வீட்டுக்குக் குடுத்தப்ப எந்த ரூல் சார்?"

"அது வேற."

அது வேற என்பதை நானும் செப்டம்பரிலிருந்து நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

மருந்தைச் சின்ன மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் புட்டியை வைத்துப் பார்த்தேன். புட்டி சில்லென்று இருந்தது. கரண்ட் போகிற கொஞ்ச நேரத்துக்கு இது தாராளமாகப் போதும். புயலன்றும் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

டிசம்பர் 30, புதன்

காலி செய்தார்கள். கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை; அந்த லைனை அவர்கள் பயன்படுத்த வாய்ப்பே வரவில்லை. மெஷினை ரெஜினா மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பெரியவர் ஆட்டோவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து இரண்டு விரலை வாயருகே வைத்து விசில் ஊதுகிற மாதிரி காட்டினார். ஒற்றை விசிலா இரட்டை விசிலா என்று தெரியவில்லை. சத்தம் வரவில்லை, அவருக்கு அவ்வளவு மூச்சு இல்லை.

ஜனவரி 10, ஞாயிறு

ஆண்டுப் பொதுக்குழு. செயலாளர் அறிக்கையைப் படிக்க எழுந்தேன். எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டுச் சொன்னேன்: புயலில் ஒரு வீடு இருட்டில் இருந்தது. அந்த வீட்டில்தான் கரண்ட் இல்லாமல் மூச்சுவிட முடியாத ஒருவர் இருந்தார். நான் உரிமையாளர்களிடம் கேட்டேன், வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்கவில்லை. டல்லாஸில் இருப்பவரைக் கேட்டு, கீழே இருப்பவருக்கு முடிவு செய்தேன். கேட்காமலே எனக்குத் தெரிந்தும் இருந்தது. அவர்கள் வீட்டு லைனில் என் ஃப்ரிட்ஜ் ஓடியது. கடைசியில் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமும் இருந்தது. அன்று தயிர்சாதத்தை நான் ஒழுங்காகத்தான் பங்கிட்டேன். இந்தத் தடவை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாற்காலி நகரும் சத்தம். தாமோதரன் சார், "டீச்சர் ரொம்ப மனசு விட்டுட்டாங்க. அவங்கமேல யாருக்கும் வருத்தம் இல்லை" என்றார். ஒருவர் "ஆமா ஆமா" என்றார். மன்னிக்கிற உரிமை உள்ளவர்கள் அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தாலும் வாடகைக்காரர்களுக்கு நாற்காலி கிடையாது.

தீர்மானம் ஒன்று கொண்டுவந்தேன்: இனி கதவைத் தட்டி, உள்ளே வசிப்பவரிடம் கேட்க வேண்டும், மூச்சுக்கும் உயிருக்கும் வேண்டிய கருவிக்கு முதல் இடம், அதற்குப் பிறகுதான் விளக்கும் ஃபேனும். ஏன் எதிர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால் நிறைவேறியது. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். வேறு ஆள் இல்லை, கதவு தட்டுகிற வேலையையாவது முடித்துக்கொடுங்கள் என்றார்கள்.

ஜனவரி 17, ஞாயிறு

ஒரு வாரமாகக் கதவு தட்டுகிறேன். இந்தக் கட்டடத்தில் பல வருடமாக இருக்கிறேன். பாதிப் பேரின் உள்வாசலைக்கூடப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் குறைமாதக் குழந்தை. இரண்டாம் மாடியில் ஒருவர் இரவில் மூக்கில் கருவி மாட்டித் தூங்குகிறார். அது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று வீட்டார் மறைத்திருக்கிறார்கள். தாமோதரன் சார் மனைவிக்கு இன்சுலின். அவர் தன் வீட்டைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுக்கிறார்கள். விளக்க ஆரம்பித்தால் வழக்கமான தயிர்சாதக் கதை நாக்கு நுனிக்கு வருகிறது. விழுங்கிவிட்டு, "உங்களுக்கு எது இல்லாம முடியாது?" என்று மட்டும் கேட்கிறேன்.

இவர் கூடவே வருகிறார். முழங்கால் வலிக்காரிக்குத் துணையாம். வழியில் கேட்டேன்: "அன்னிக்கே நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "எனக்கும் மோர் ஜில்லுனு வேண்டியிருந்துது."

பிப்ரவரி 6, சனி

சிட்டிபாபு போன் செய்தார். அவர் வீட்டுக்குப் பச்சை லைன் போட்டதற்கு நன்றி சொன்னார். முதல் தடவையாக அவரோடு போனில் பேசுகிறேன், இதற்கு முன் குரல் செய்திதான். "பவர் பேக்கப் இருக்குன்னு விளம்பரத்துல போட்டுட்டேன் டீச்சர். இப்ப நல்ல வாடகை கேக்கலாம். நல்ல வேலை செஞ்சீங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "சரிங்க" என்று சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 18, வியாழன்

மாலையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது கரண்ட் போனது. கடைகள் இருண்டன. எங்கள் கட்டடத்தில் வீடு வீடாக விளக்கு வந்தது. எதிர்ச்சாரியில் அன்று போட்டோ எடுத்த அதே இடத்தில் நின்று பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். முதல் மாடி பி வீட்டிலும்.

வீடு பார்க்க வந்த யாரோ ஸ்விட்சை அணைக்காமல் போயிருக்கிறார்கள். திரை இல்லாத ஜன்னல் வழியே வெற்றுக் கூடமும் சுற்றுகிற ஃபேனும் தெரிந்தன. சாவி தரகரிடம் இருக்கிறது. வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்று, "இப்பதான் டீச்சர் கட்டடம் முழுசா இருக்கு" என்றார்.

படியேறினேன். அந்த வாசலைத் தாண்டும்போது ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் சமையலறை இருட்டாக இருந்தது. கையால் தடவி மண்சட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இருந்தது. பிறகு கூடத்து வெளிச்சத்துக்கு வந்து ரெஜினாவுக்குப் போன் செய்தேன். காலி செய்த பிறகு இதுதான் முதல் தடவை. எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க டீச்சர்."

"இங்க கரண்ட் போயிடுச்சு. அங்க இருக்கா?"

"இங்கயும் இல்ல. இன்வெர்ட்டர்ல ஓடுது. அப்பா தூங்கறாரு." பிறகு, "அங்க எல்லா வீட்லயும் எரியுதா?" என்றாள்.

"எரியுது."

"எங்க வீட்லயுமா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் குரலுக்குப் பின்னால், மூச்சு விட்டு விட்டு அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளாக வைக்கிறவரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.